மேலே படகு, கீழே ஆமை

வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? "இந்த வயசுல கடலுக்குள்ள என்ன வேலை?" என்று கேட்டாய், அன்றிலிருந்து நீ போனிலும் பேசுவதில்லை. பதிலாக நான் எடுத்த இந்தப் படம். பாதி வானம், பாதி கடல், ஒரே சொடுக்கில். வெயில் தண்ணீருக்குள் இறங்கி ஆமையின் முதுகில் வலைபோல் ஆடியது. அறுபத்தெட்டு வருஷம் இதைப் பார்க்காமலே இருந்திருக்கிறேன்!

கேமராவின் முன்கண்ணாடியில் நீர்த்துளி தங்காமலிருக்க எச்சில் தடவினேன். நானாகக் கண்டுபிடித்த வழி. "பெரியவரே, இவ்வளவு விலை கண்ணாடிமேல துப்புறீங்களே!" என்று கேமராவை வாடகைக்குக் கொடுத்த மேனேஜர் கத்தினார். படம் பார்த்ததும் தன் கேமராவிலும் எச்சில் தடவிக்கொண்டார்.

அலை லேசாகத் தள்ளியதில் என் மூக்குக்கண்ணாடி கடலோடு போயிற்று. ஆமை போட்டுக்கொள்ளட்டும். பழையதை அனுப்பு.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். படகில் கூப்பிடுகிறார்கள். பார்சலில் விலாசத்தை மகளிடம் எழுதக் கொடுக்காமல் நீயே எழுது; உன் எழுத்து கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரன்