ஒரு ஸ்டேஷன் தள்ளி

என் மனைவிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். சற்று முன்பு என்னோடு சண்டை போட்டபோது குரல் நன்றாகவே இருந்தது.

நீ நிற்கும் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, படிக்கட்டுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பாதாள ரயில் என்று பேப்பரில் படித்தபோது இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நம் ஊர்க் கடைத்தெருவைவிட வெளிச்சமாக இருக்கிறது. இந்தத் தாள் விடுதி மேசையில் இருந்தது. வாடகை கொடுத்த அறையில் வைத்திருக்கும் தாளை எடுப்பது திருட்டல்ல; காலையில் நீ சொன்னது தவறு. எடுக்க வேண்டிய போனை நாம் எடுக்கவில்லை. நீ எடுத்திருப்பாய் என்று நானும், நான் எடுத்திருப்பேன் என்று நீயும் வந்துவிட்டோம். வீட்டுக்கே இருக்கிற ஒரு போன் விடுதி அறையில் சார்ஜரில் தொங்குகிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பிறகு நீ மாற்றிச் சொல்லக் கூடாது. வண்டி வந்தது. கதவு திறந்தது. நான் ஏறினேன். நீ ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது. ஏற வந்த இரண்டு பேரில் ஏறாமல் நின்றவர்தான் தொலைந்துபோனவர். இதில் பேச என்ன இருக்கிறது?

நீ கோபித்துக்கொண்டு நின்றாய், எனக்குத் தெரியும். நாம் பார்க்கக் கிளம்பிய டவரின் உச்சியில் இருக்கும் கண்ணாடித் தரையில் கால் வைக்க மாட்டேன், ஓரமாக நிற்கிறேன் என்றேன். "நீங்க ஓரமா நின்னா நான் மட்டும் எதுக்கு வரணும்" என்று கையைக் கட்டிக்கொண்டாய். ஊர் முழுவதற்கும் ஜன்னல் கண்ணாடி வெட்டிப் போட்டவன் நான். கண்ணாடி பார்ப்பதற்கு, மிதிப்பதற்கு அல்ல. அந்தத் தரையைப் போட்டவன் என்ன படித்திருந்தாலும் சரி, கண்ணாடி எப்படி உடையும் என்று அதனிடம் கடி வாங்கியவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. முப்பது வருடமாக உன்னை இந்த நகரத்துக்குக் கூட்டி வரவில்லை என்று விடுதிக்காரரிடம்கூடச் சொன்னாய். சாவி வாங்க வந்த இடத்தில் அந்தப் பேச்சு எதற்கு? கண்ணாடி சுற்றி வந்த பழைய பேப்பரில் அந்த டவர் படத்தைப் பார்த்து, கத்தரித்து, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாய். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பேப்பர்கள்தான். படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி உனக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வருடம் என்றுதான் சொன்னேன். இப்போது கூட்டி வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்காகத்தானே வந்தோம் என்பாய். ஒருநாள் முன்னதாகக் கிளம்பலாம், டவரைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேரலாம் என்று சொன்னது யார்?

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சமாதானம் பேச நமக்குப் பிள்ளைகள் இல்லாததால் நாமே போட்டுக்கொண்ட வழக்கம். போனவர்தான் திரும்பி வர வேண்டும். யாரும் கூப்பிடப் போவதில்லை. உன் அண்ணன் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனாயே, நான் வரவில்லை. நீயே வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, அரிசி இருக்கிறதா என்று கேட்டாய். நான் பட்டறையில் போய்ப் படுத்தபோது நீயும் எட்டிப் பார்க்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு நானேதான் வந்தேன். ஆகவே இப்போது அடுத்த வண்டியில் ஏறி வர வேண்டியது நீ.

இந்தத் தாளைக் கொண்டு வருபவர் உன் பக்கம் திரும்பும் வண்டியின் கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டு. நல்ல மனிதர், கொஞ்சம் வாய் அதிகம். "ஒரு ஸ்டேஷன்தானே பெரியவரே, நீங்களே போயிரலாமே" என்றார். அவருக்கு நம் வழக்கம் தெரியாது.

இப்படிக்கு,
பெஞ்சில் காத்திருக்கும் உன் கணவன்.


என் மனைவிக்கு,

நலம் விசாரிக்க வேண்டியதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கார்டு சொன்னார்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாயாம். பிறகு, "போனவரை வரச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல, இருந்த எடத்துலயேதான் இருக்கேன்" என்றாயாம். கார்டு சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவருக்கு என்ன, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது.

வண்டியில் ஏறுவது போவது ஆகாது. போக வேண்டிய வழியில் போவது அது. டவர் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. நான் வந்த பக்கம் சரி, நீ நிற்கிற பக்கம்தான் தவறு. இங்கே விசில் வைத்திருக்கும் ஊழியரிடம் சொல்லி உன் ஸ்டேஷனில் மைக்கில் அறிவிக்கச் செய்தேன். கண்ணாடிக்காரரின் மனைவி உடனே அடுத்த ஸ்டேஷனுக்கு வரவும் என்று அறிவித்தார்களாம். நீ அசையவில்லையாம். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்தவள் அல்லவா நீ. கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வரிசை உன்னைத் தேடி வந்தே பழகிவிட்டாய். படம் தொடங்கிவிடும் என்று எத்தனை பேர் கத்தினாலும் சில்லறையை நிதானமாகத்தான் கொடுப்பாய். அந்தப் பிடிவாதத்தை இங்கே காட்டாதே.

இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன்பு டவர். அவர்கள் மாலையில் மேல்தளத்துக்கு ஆள் விடுவதை நிறுத்திவிடுவார்களாம். இங்கே உட்கார்ந்தபடியே இரண்டும் போய்விடும்போல் இருக்கிறது.

உன் மத்தியான மாத்திரை என் சட்டைப் பையில் இருக்கிறது. இதோடு சேர்த்து மடித்து அனுப்பியிருக்கிறேன். டாக்டர் என்ன சொன்னார்? மெதுவாக நடக்கலாம், லிஃப்டில் ஏறலாம், மாத்திரையை மட்டும் தவறவிடக் கூடாது என்றார். சண்டை சண்டையாக இருக்கட்டும். மாத்திரையைப் போடு. போட்டுவிட்டு வண்டி ஏறு. கதவோரம் வயதானவர்களுக்கு இடம் விட்டிருப்பார்கள், உட்கார்ந்து வா. கூட்டம் இடித்தால் அடுத்த வண்டிக்கு நில்.

நான் இந்த பெஞ்சை விட்டு எழப் போவதில்லை என்பதையும் தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் கணவன்.


அன்புள்ள என் மனைவிக்கு,

மாத்திரை திரும்பி வந்துவிட்டது.

கார்டு இம்முறை சிரிக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தாளை மட்டும் எடுத்துக்கிட்டாங்க பெரியவரே. மாத்திரையைத் தொடல. கொண்டுபோனவர் கையாலதான் வாங்குவேன்னாங்க. மூச்சு வாங்குது அவங்களுக்கு. தண்ணி வேணுமாம்மான்னு கேட்டேன், உங்க வண்டியைப் பாருங்க தம்பின்னுட்டாங்க." விசில் ஊதும் நேரத்தில் இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நாளைக்கு உள்ள போறவங்க வெளிய வரலேன்னா, அப்பவும் இப்படியே உக்காந்திருப்பாரான்னு. எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களாச்சு அவங்களாச்சு."

எனக்குப் புரிந்தது.

இந்தத் தாளை அவரிடம் கொடுக்கப் போவதில்லை. அவர் வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்ப வேண்டும். உன் பக்கம் போகும் வண்டி எது முதலில் வந்தாலும் ஏறிவிடுவேன், வரி பாதியில் நின்றாலும். இப்போது நடைமேடை ஓரத்தில் நின்றுகொண்டு, தூணில் தாளை வைத்து எழுதுகிறேன். விசில்காரர் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி இரண்டு தடவை திட்டிவிட்டார். நேரில் வந்தால் எனக்கு இதைச் சொல்ல வராது. வேறெதையாவது பேசி மறுபடியும் சண்டைதான் இழுப்பேன். அதனால் முதலில் மாத்திரையைக் கையில் கொடுப்பேன், பிறகு இதை. மாத்திரை உள்ளே போன பிறகுதான் இதைப் படிக்க வேண்டும்.

டாக்டர் உன் இதய வால்வைப் பற்றியும் ஆபரேஷனைப் பற்றியும் விளக்கியபோது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கேட்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அந்த ஜன்னலின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, கவனித்தீர்களா என்று கேட்டாய். நானும் அந்தக் கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை நாம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீ எடுத்திருந்தாலும் நான் மாற்றியிருப்பேன்.

டவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உனக்கு மூச்சு அடங்கினால் போவோம். அடங்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரி; அதில் நீ வாயைத் திறக்கக் கூடாது. போனால், கண்ணாடித் தரையில் நானும் நிற்கிறேன். அது தாங்கும் என்று நம்பி அல்ல. நீ நிற்கும்போது நான் ஓரத்தில் நின்று பார்க்க முடியாது, அவ்வளவுதான். கண்ணாடியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் சரிதான்.

இப்போது முக்கியமானது. ஏறிப் போனவன் நான்தான். வண்டி கொண்டுபோனது என்றோ, நீ ஏறவில்லை என்றோ இனிமேல் சொல்ல மாட்டேன். கோபத்தில் உன்னைத் திரும்பிப் பாராமல் ஏறினேன், ஆகவே போனவன் நான், திரும்பி வருபவனும் நான். இதை உன்மேல் இரக்கப்பட்டு எழுதவில்லை. தோற்றுப்போயும் எழுதவில்லை. இன்று இந்த வழக்கத்தை நானே உடைத்துவிட்டால், நாளைக்கு உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் இருக்காது. அதனால்தான் எழுந்தேன்.

நாளைக்குக் காலையில் போவது நீ. அந்தக் கதவுக்கு உள்ளே என்னை விட மாட்டார்கள். அங்கே வந்து உன்னைக் கூப்பிட என்னால் முடியாது. கேட்டாயே, அப்போதும் இப்படியே உட்கார்ந்திருப்பாரா என்று. உட்கார்ந்திருப்பேன். யார் எழுப்பினாலும் எழ மாட்டேன்.

விளக்கு தெரிகிறது, வண்டி வருகிறது. நன்றாகக் கேட்டுக்கொள். போனவர்தான் திரும்பி வர வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

உன்
கணவன்.