ஒரு வாளித் தோட்டத்தின் துரை

மே 2, சனி. காலை வெயில். இரண்டு மணிக்கு மேல் மழை.

மரண அறிவித்தல். பெயின்ட் வாளியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட மல்லிகை இலை ஒன்று இன்று காலை மஞ்சளாகிக் காலமானது. அன்னார் மீதமுள்ள பச்சை இலைகளின் பாசமிகு சகோதரர். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

ரேடியோக் குரலில் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. "ஒங்கப்பாவுக்கு ரேடியோவுல வாசிச்சப்ப கேட்டது போதும்டா." எழும்பி உள்ளே போய்விட்டார்.

போன வருடம்தான். மறக்கவில்லை. அந்தக் குரலை அன்றைக்குத்தான் பழகினேன்.

செடி அப்பா வைத்தது. அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போகும்போது என் கையில் ஒப்படைத்தது இது ஒன்றை மட்டும். "நான் வந்து அப்பா படத்துக்குப் பறிச்சி வைக்கணும். பாத்துக்க." வருவது ஆகஸ்டில்.

எங்கள் இரத்தோட்டையில் தோட்டம் என்றால் எல்லாருக்கும் தேயிலை எஸ்டேட். எனக்கு ஒரு வாளி. ஆகவே நானே பெரிய துரை, நானே கங்காணி.

அம்மா அங்கே மேடம் வீட்டுச் செடிகளையும் பார்க்கிறார். போன வாரம் அதைப் பற்றி நான்கு நிமிட வாட்ஸ்அப் வாய்ஸ் அனுப்பினார். முழுக்கக் கேட்டு, வரி விடாமல் செய்துவருகிறேன்:

- விடிய ஒரு குவளை, பொழுது சாய ஒரு குவளை. (அம்மா குவைத்தில், நான் குவளையில்.)
- வேர் வேகாமலிருக்க வாளியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தாயிற்று.
- அடியில் ஓலை. குவைத்தில் ஈச்ச ஓலை, எனக்குத் தென்னோலை.
- மேலே நிழலுக்கு சித்தியின் பழைய சாரி. (சித்திக்குத் தெரியாது.)
- உரம் கூடாது. வெட்டக் கூடாது.

பின்னேரம் மழையிலும் கடமை தவறவில்லை. சித்தி ஜன்னலில்: "கொடை புடிச்சிக்கிட்டுத் தண்ணி ஊத்துறவன இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மே 6, புதன். மழை.

இன்னும் ஆறு இலை மஞ்சளாகி விழுந்தது. அறிவித்தல் வாசிக்கவில்லை.

தாகம்தான். இரண்டு குவளையை நான்காக்கினேன். கணக்குப் பரீட்சை பேப்பர் வந்தது. அதற்குத்தான் மரண அறிவித்தல் வாசிக்க வேண்டும்.

மே 8, வெள்ளி.

அம்மாவுக்கு இன்று அரை நாள் லீவு. போனில் அழைத்தார். "மொட்டு விட்டுருச்சா? ஒரு போட்டோ அனுப்பேன்."

என் கூட்டாளி பாரிஸின் வீட்டுக்கு ஓடினேன். அவனுடைய உம்மாவின் மல்லிகையும் பெயின்ட் வாளியில்தான், பூத்துக் குலுங்குகிறது. கிளிக். அனுப்பினேன்.

பதில்: "அப்பா கை ராசி."

ஸ்கூலில் பிரின்சிபலையே ஏமாற்றியவன் நான். அம்மா எம்மாத்திரம்.

இரவு சோறு இறங்கவில்லை. கருவாட்டில் உப்பு அதிகம்.

மே 15, வெள்ளி. மழை விட்டிருந்தது.

குச்சி மட்டும் நிற்கிறது. கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை.

பாரிஸும் உம்மாவும் வந்தார்கள். வாளியைத் தோண்டி எடுத்தோம். நாற்றம். அப்பா அடியில் போட்ட ஓட்டையெல்லாம் களிமண்ணால் அடைத்திருந்தது. வேர் கையோடு வந்தது, கறுப்பாக, வழவழவென்று.

"இது தண்ணி இல்லாம மௌத்தாகல மகன். தண்ணியிலதான் மௌத்தாகிருக்கு. யாரு இப்பிடிப் பொதைக்கச் சொன்ன?" என்றார் உம்மா.

"அம்மாதான்."

"அம்மாவா? இந்த மழையிலயா?"

கோபம் வந்தது. அம்மாவைப் பொய்யாக்குகிறார்களே. போனை எடுத்து வாய்ஸைப் போட்டேன், சத்தமாக.

"இங்க விடிய ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா ஊத்தணும்டா. இங்க சட்டியெல்லாம் கழுத்து மட்டும் பொதைச்சித்தான் வைப்பாங்க, இல்லாட்டி வேரு வெந்துரும்..."

"பாத்தீங்களா?" என்றேன்.

உம்மா கையை உயர்த்தினார். வாய்ஸ் இன்னும் முடியவில்லை.

"...இதெல்லாம் இங்கத்த கததான். ஒனக்கு அங்க மழ வரும், நீ ஒண்ணும் பண்ணாத. அப்பா வச்ச எடத்துலயே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் ஏதோ மெஷின் சத்தம். பிறகு: "மத்தியானமும் ஊத்தச் சொல்றாங்கடா. செருப்பு அந்துருச்சி. சுடுற கல்லுல நின்னு ரெண்டு காலும் கொப்புளிச்சிப் போச்சி. சித்திக்கிட்ட சொல்லிராத. ஒனக்கு மட்டுந்தான் சொல்றேன்."

பாரிஸ் தரையைப் பார்த்தான். உம்மா வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். வாளிதானே, ஏன் அப்படி வைத்தார் தெரியவில்லை.

மே 17, ஞாயிறு.

நேற்று முழுக்க அம்மாவுக்கு எழுதி எழுதி அழித்தேன். எல்லாவற்றிலும் ஒரு பகிடி, ஒரு சிரிப்பு வந்து நுழைந்தது. இன்று அனுப்பியது: செடி செத்துப் போச்சு. போட்டோ பாரிஸ் வீட்டுது. கால் எப்பிடி இருக்கு?

ஒற்றை டிக். இன்னும் போய்ச் சேரவில்லை.

மேலே, மே 2இல், "முழுக்கக் கேட்டு" என்று எழுதியிருக்கிறேன். பொய். அன்று வெளியே பையன்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டார்கள், ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

அந்த வாய்ஸுக்குப் பதிலாக அன்று ஒரு கட்டைவிரல் எமோஜி மட்டும் அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, அம்மாவின் குரலுக்கு நேர் கீழே.