மேடைக்கு யார் பெயர்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. உப்புக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் பிசுபிசுப்பு. வாங்கிய கொத்தவரங்காய் முற்றல். இவருக்கு பி.பி. மாத்திரை வாங்கணும்.

சேவியர் போன். செத்துப்போன ஆண்டனி அண்ணனின் மகன். இவரும் ஆண்டனி அண்ணனும் ஒரே உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். சேர்ந்து நாடகம் போட்டவர்கள்.

"வீடியோ பாத்தீங்களா சித்தி?"

பார்த்தேன். போன வாரம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்து இவரைப் பேட்டி எடுத்தாள். "உங்க நாடகத்துல உங்களுக்குப் பிடிச்சது எதுங்க ஐயா?" இவர் சிரித்துக்கொண்டே, "நான் எங்க எழுதினேம்மா? எல்லாம் ஆண்டனி எழுதினது" என்கிறார். நான் அப்போது உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன். இவருக்கு ஞாபகம் தப்பிப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லித்தான் அவளை உட்கார வைத்தேன். அது வீடியோவில் இல்லை.

ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. வீடியோவுக்குக் கீழே கமெண்டில் ஒருவன்: "பெரிய எழுத்தாளர் சாயம் வெளுத்துடுச்சு."

"எங்கப்பா காலம் பூரா உப்புல வெந்தாரு. பேரு மட்டும் உங்க வூட்டுக்கா? இப்ப மேடைக்கும் சித்தப்பா பேரா?" என்றான் சேவியர்.

புதிதாகக் கட்டிய கலையரங்கத்துக்கு இவர் பெயர் வைக்கப்போகிறார்கள். ஞாயிறு திறப்பு. இவரது முதல் நாடகம் 'மூன்றாம் பாத்தி' அன்றைக்கு.

"வெயில்ல நின்னு பேசாதப்பா" என்றேன். கட் பண்ணிவிட்டான்.

மார்ச் 5, புதன்

மாத்திரை வாங்கியாச்சு. கேஸ் புக் பண்ணணும்.

சரியாகத் தூக்கம் இல்லை. இவர் எழுதி நான் பார்த்திருக்கிறேன். வெறும் உடம்பு, முதுகெல்லாம் வியர்வை, பேனா மூடியைக் கடித்துக் கடித்துத் துப்புவார். ஆனால் 'மூன்றாம் பாத்தி' எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. இவருக்குப் பேர் வந்ததே அதனால்தான். காலேஜில் பாடமாக வைத்ததும் அதைத்தான். அதற்கப்புறம் எழுதியது எதுவும் அதற்குக் கிட்டே வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தது உண்டு.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன். "மூன்றாம் பாத்தி யாருங்க எழுதினது?"

"அந்த மாமியா கதையா? நல்ல நாடகமாச்சே." கொஞ்சம் யோசித்தார். "எழுதினவன் இருக்கானா செத்துட்டானா?"

இவரை வைத்துக்கொண்டு அழவும் முடியாது. கூடவே உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

சாயங்காலம் பிலோமினா அக்கா வீடு. ஆண்டனி அண்ணன் சம்சாரம். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள், நெற்றியில் சாம்பல். சாம்பல் புதன். எனக்கு மறந்தே போயிற்று. சேவியர் வீட்டில் இல்லை.

"பையன் பேசினதுக்கு மனசுல வச்சிக்காத கமலா. அவங்கப்பான்னா அவனுக்கு உசுரு."

"அக்கா, நெஜமாவே அண்ணன்தான் எழுதினாரா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"ரெண்டு பேரும் வரப்பு மேல உக்காந்து பேசுவாங்க, சிரிப்பாங்க, சண்டை போடுவாங்க. நான் கஞ்சி குடுத்துட்டு வந்துடுவேன். யாரு என்ன எழுதினா, நான் என்னத்தக் கண்டேன்?"

நாடகம் பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டதாம். சனிக்கிழமை ஒத்திகைக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். கிளம்பும்போது ஒரு பை முருங்கைக்கீரை கொடுத்தாள்.

மார்ச் 8, சனி

ஒத்திகை. இன்றைக்கு நடந்ததைத் தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

கீழ்புத்துப்பட்டு ஊர்ப் பிள்ளைகள்தான் நடிக்கிறார்கள். இவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிப் போனேன். முன்வரிசையில் இவர், நான், பிலோமினா அக்கா. சேவியரும் வந்திருந்தான். கிட்டே வரவில்லை. தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு.

கடைசிக் காட்சி. மகனைக் கடலுக்குக் கொடுத்த உப்பளத்துக்காரி, மருமகளுக்கு வேறு கல்யாணம் முடிவு பண்ணி, அவளை வீட்டைவிட்டு அனுப்புகிறாள். மருமகள் வாசல்வரை போய் நிற்கிறாள். மாமியாராக நடிப்பது பவானி, பாண்டிச்சேரியில் துணிக்கடை வேலை. நல்ல பெண். அவளுக்கு அந்த இடத்தில் வசனம் மறந்துவிட்டது. புஸ்தகத்தில் பெரிய வசனம்: 'போ. இந்த வீடு உன்னைக் கட்டிப்போட்ட கயிறு. இன்றோடு அறுத்தேன்…' எனக்கே மனப்பாடம். சொல்லிக் கொடுக்க வாயெடுத்தேன்.

அதற்குள் இவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே, மெதுவாக, ஒரு பொம்பளைக் குரலில்:

"சாப்ட்டுட்டுப் போ."

பவானி இவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்து அதையே சொன்னாள். மருமகளாக நடித்த பெண் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நடிப்பு இல்லை.

"புக்குல இது இல்லியே சார்" என்றான் புஸ்தகத்தை வைத்துக்கொண்டிருந்த பையன்.

பிலோமினா அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இது எங்க வூட்டுக்காரரு சொன்னது கமலா. மொத மொத நாடகம் போட்டப்ப அவருதான் மாமியா வேஷம். மேடையில உங்க வூட்டுக்காரரு எழுதின பெரிய வசனத்த வுட்டுட்டு, தானா இதச் சொல்லிட்டாரு. ஜனமெல்லாம் ஓன்னு அழுதுச்சு. எறங்கி வந்ததும் ஒரே சண்டை. 'ராத்திரியெல்லாம் முழிச்சி எழுதினன்டா, நீ யாருடா மாத்தறதுக்கு?'ன்னு உங்க ஆளு எகிறினாரு. ரொம்ப நாளு பேச்சே இல்ல. புக்கு போட்டப்ப தன் வசனத்தையே போட்டுக்கினாரு."

"அப்போ நாடகம்…"

"உங்க ஆளு எழுதினதுதான். அந்த ஒரு வார்த்த மட்டும் எங்க வூட்டுக்காரருது."

சேவியர் எப்போது பக்கத்தில் வந்து நின்றான் தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறான். "அம்மா, இத ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" "நானே மறந்துட்டேன்டா. இப்ப இவரு சொன்னப்பதான் அந்தக் கொரலே காதுல கேட்டுச்சு."

இத்தனை வருஷம் கழித்து இவருக்கு என் பேர் சில நாள் வருவதில்லை. தான் எழுதிய வரி ஒன்றுகூட நினைவில் இல்லை. தான் வெட்டிப் போட்டது மட்டும் இருக்கிறது, ஆண்டனி அண்ணனின் குரலோடு.

நிம்மதி. பெருமைக்காரர், என் மனுஷன். தோற்றது தெரிந்தும் ஒத்துக்கொள்ளாமல் எத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். அதுதான் பேட்டியில் மொத்தத்தையும் அண்ணனுக்கே தூக்கிக் கொடுத்துவிட்டாரோ.

வரும் வழியில் விழாப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அந்த வரி நாடகத்தில் இருக்கட்டும். பலகையில் இரண்டு பேர் பெயரும். "கதிர்வேலு, ஆண்டனி. பெயிண்டர் கிட்ட இப்பவே சொல்லுங்க."

மார்ச் 9, ஞாயிறு

திறப்பு நல்லபடி. மைக் இரண்டு தடவை மக்கர். கூட்டம் ஜாஸ்தி. பவானிக்குக் கைதட்டல். இவர் பாதி நாடகத்தில் தூங்கிவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

மேகமூட்டம். மழை வந்தால் பாத்தியில் உப்பெல்லாம் வீண் என்று பக்கத்து வீட்டில் புலம்பல்.

பதினோரு மணிக்கு சேவியர். கையில் நண்டு. உள்ளே வராமல் நின்றான். "சித்தி, அன்னிக்கு போன்ல…" "மொதல்ல உள்ள வா" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சேவியருக்கு அப்படியே அப்பன் ஜாடை.

"டேய் ஆண்டனி! எங்கடா போயிட்ட? என்மேல இன்னும் கோவமா?"

சேவியர் என்னைப் பார்த்தான்.

"உன்னுதுதான்டா நல்லா இருந்துச்சு" என்றார் இவர். "அன்னிக்கே தெரியும் எனக்கு."

சேவியர் நண்டைக் கீழே வைத்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டான்.

"உன்னுதும் நல்லாத்தான்டா இருந்துச்சு, கதிரு."