குண்டில்லாத பீரங்கி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லையம்மா, நெஞ்சு பதறிக் கேட்கிறேன்.

வானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்து, மாடெல்லாம் கோமாரியில் மாண்டு, நம் துறைமுகத்துக்கு முதல் நீராவிக் கப்பல் வந்ததே, அந்த வருஷத்தில் நடந்தது இது. என் தாத்தாவின் அப்பா அங்கே கயிறு திரிக்கும் கொட்டகையில் வேலை. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, பெண்டாட்டி வயிற்றில் என் தாத்தா. பீரங்கிக்கு நெஞ்சைக் காட்டிச் செத்தார் என்று தலைமுறை தலைமுறையாக நாம் மார்தட்டிக்கொள்ளும் கதை உனக்கும் மனப்பாடம்தான்.

துறைமுகத்தில் உயிர்விட்ட பழைய தொழிலாளிகளுக்குக் கல் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உன் அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை. எங்க பாட்டன் பேருதான் முதல்ல வரணும் என்று போய் நின்றிருக்கிறான். அத்தாட்சி எங்கே என்றார்களாம். பரண்மேல் கிடந்த தகரப்பெட்டியை இறக்கினோம். நான் எழுத்தறியாதவன், உன் அண்ணன் அவசரக்காரன், அண்ணிதான் ஒவ்வொரு காகிதமாக விரித்துப் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த சீட்டு, கல்யாணப் பத்திரம், கடைசியில் அந்தப் பெண்டாட்டி நஷ்டஈடு கேட்டதற்குத் துறைமுகத்துக்காரர்கள் எழுதிய பதில். அது கப்பலை வரவேற்கச் சுட்ட பீரங்கி, உள்ளே வெறும் வெடிமருந்து, குண்டே போடவில்லை, உன் புருஷன் தூரத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான், சத்தம் கேட்டதும் விழுந்தான், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, ஆகவே தருவதற்கில்லை. உன் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெடிச்சத்தத்துக்குச் செத்தவருக்கா இத்தனை நாளா மீசையை முறுக்கினோம் என்று தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. இருதய வார்டில் நர்ஸாக இருப்பவள் அல்லவா, காகிதத்தை மடியில் வைத்துவிட்டு, மாமா, நம்ம வீட்ல சத்தம் கேட்டு விழுந்தவங்க வேற யாரு, ஒவ்வொருத்தரா சொல்லுங்க என்றாள்.

சொன்னேன். என் அத்தை, பக்கத்து வீட்டில் டெலிபோன் வைத்த புதிதில் அந்த மணிச்சத்தத்துக்கு விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. என் தம்பி, மில்லில் சங்கு ஊதியதும் சாய்ந்தான், மீசைகூட முழுசாக முளைக்கவில்லை. சின்ன வயசில் ரெண்டு பேருமே கதவு படாரென்று அடித்தால் மயங்கி விழுவார்கள். அதுதான் நம் வீட்டில் பெருமையாயிற்றே, பீரங்கி மயக்கம் என்று பேர் வைத்து, பாட்டன் ரத்தம், அசல் நம்ம வாரிசு என்று முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கைதட்டுவார்கள். வைத்தியரிடம் எவன் கூட்டிப்போனான்? அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். இது வீரம் இல்ல மாமா, நெஞ்சுல உள்ள கோளாறு, பரம்பரையா வருது, இப்பக் கண்டுபிடிச்சா மாத்திரை இருக்கு, பொழைச்சுக்கலாம் என்றாள். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. போன மாசம்தானே, ஆபீஸில் தீ மணி அடித்து நீ விழுந்து, பீரங்கி மயக்கம்ப்பா, உங்க பொண்ணுன்னு காட்டிட்டேன்ல என்று போனில் சிரித்தாய், நானும் சிரித்தேனே.

மாப்பிள்ளையிடம் அண்ணி எல்லாம் சொல்லியாயிற்று. அண்ணிக்கு வேற வேலை இல்ல என்று அவர் வாயை அடைத்துவிட்டாயாம். உன்னையே கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன், அது அங்கே திடுக்கென்று அலறுமே என்று கீழே வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். அண்ணி சொல்வதை என் வாயால் கேட்டதாக நினைத்துக்கொள். படுக்கையறையிலிருந்து அலாரத்தைத் தூக்கிப் போடு, அவர் தொட்டு எழுப்பட்டும். லீவு இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்கிற கதையெல்லாம் வேண்டாம், கடிதம் கையில் இருக்கும்போதே இருதய டாக்டரிடம் கிளம்பு.

நீ நூறு வயசு இருக்க வேண்டும் கண்ணு, என் ஆயுசிலும் எடுத்துக்கொள். உங்கள் குடும்பத்தில் இப்படி யார் யாருக்கு என்று டாக்டர் முதலில் கேட்பாராம். என் தாத்தாவின் அப்பா, என் அத்தை, என் தம்பி என்று மறக்காமல் சொல். இப்படி விழுந்தவர்களில் உயிரோடு இருப்பது யார் என்று கேட்டால், நான் ஒருத்திதான் என்று சொல்.

இப்படிக்குக் கைநாட்டு வைத்து,
உன் அப்பா