புளி வேனில் ஒரு சீட்டு

ஆலங்காயம்
1984

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நேற்று மலையிலிருந்து புளி ஏற்றி இறங்கும்போது வளைவில் மாடு குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். மூட்டைகள் சரிந்து, நீங்கள் எங்களுக்காகப் போட்ட சீட்டுக்குப் பின்னால் வைத்த இரும்புத் தடுப்பில் மோதி நின்றன. அடிச்சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்ட சீட்டு அசையவில்லை. வார் கட்டியிருந்ததால் என் பக்கத்தில் இருந்த பாப்பாவும் விழவில்லை.

"ரெண்டு மூட்ட எடம் போச்சு. மூட்ட மேல குந்திக்கினு வந்தா இன்னா?" என்று சீட்டு போட்ட அன்று அவர் சண்டை போட்டதை மறந்துவிடுங்கள். அதற்குப் பிறகு உங்களை 'திருப்பத்தூர் வெல்டிங்காரன்' என்றுதான் சொல்லிவந்தார்.

இன்று வேனைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மச்சான் வந்தா எங்க குந்துவாரு? இன்னொரு சீட்டு போடச் சொல்லி எழுது."

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தங்கை