முதல் கப்பல் சேலை

பாப்பாவோட அப்பாவுக்கு,

ஜப்பான்காரன் உங்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில ஏத்திட்டுப் போனதுல இருந்து, நீங்க பார்த்துக்கிட்ட டவுன் மியூசியத்தை நான்தான் பெருக்குறேன். பித்தளைச் சாமானை எல்லாம் ஜப்பான்காரன் அள்ளிட்டான்.

பாப்பா பெரியவளாயிட்டா. தாய்மாமன் சேலை கொண்டாரணும், என் தம்பியும் உங்ககூட அதே லாரியிலதானே போனான். கடையில துணியே இல்லாம எல்லாரும் கோணிச் சாக்கைத்தான் கட்டுறோம்; அவளுக்கும் சாக்கைக் கட்டிவிட்டு எப்படிச் சடங்கு செய்றது? ஊர்ல இருந்து தோட்ட வேலைக்கு முதல் கப்பல்ல வந்த பொம்பளையோட சேலையை, மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில இருந்து எடுத்துட்டேன். திட்டுவீங்க. திட்டுங்க.

பெட்டி காலியா கிடந்தா கேள்வி வரும்னு உங்க சட்டையைத் துவைச்சு மடிச்சு வச்சேன். அடுத்த லயத்து வீட்டு மயிலம்மாள் அதைப் பார்த்துட்டு, சயாம் போன தன் புருஷன் சட்டையையும் கொண்டாந்து வச்சா. அப்புறம் ஒவ்வொருத்தியா வந்தாங்க.

இப்ப பெட்டியில இடமில்ல.

இந்தக் கடுதாசியை எந்த விலாசத்துக்கு அனுப்புறது? உங்க சட்டைப் பையிலேயே வைக்கிறேன்.

உங்க வீட்டுக்காரி