அப்பா வர்றாரு

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் "அப்பா" என்று ஆரம்பித்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. பதினொரு மாதமாக இதே கதை. காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் ஒரு விஷயம், பயப்படாதே. இரண்டு வாரத்துக்கு முன்னால் பின்பக்கப் படியில் சோப்புத் தண்ணீரில் வழுக்கிவிட்டேன். கணுக்கால் எலும்பில் சின்ன விரிசல். முழங்கால் வரை மாவுக்கட்டு, ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாதாம். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கிழிந்த புத்தகங்களை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னால் அரக்கப் பரக்க ஓடி வருவாய், வாசலில் அப்பாவைப் பார்த்ததும் வந்த வழியே திரும்புவாய். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் சொல்லவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றே பெரிய கேள்வி எழுந்தது. பொட்டலத்தை யார் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவது? நீ அதை நாய்க்குட்டியாகத் துண்டில் பொட்டலம் மாதிரிச் சுற்றித் தூக்கி வந்து ஐந்து வருஷம் ஆகிறது. அப்பா ஒரு நாள் அதைத் தொட்டதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அது சாப்பிட்டுச்சா", "அதைக் கட்டு", அவ்வளவுதான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அது வாசல் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது. அப்பா அதைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

உனக்குத் தெரியாதா அவரை. டெப்போவில் பஸ்ஸுக்கு நேரம் எழுதுகிற மனுஷன், நாய்க்கும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். புறப்பாடு 6.05, குளத்துப் பாலம் 6.14, மூங்கில் வளைவு 6.21, வீடு வருகை 6.40. அதற்குக் கீழே "சிறுநீர் - நான்கு இடங்களில்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்து கட்டுப் போட்ட கால் வலித்தது.

ஆனால் அட்டவணை முதல் நாளே கவிழ்ந்துவிட்டது. மூங்கில் வளைவு தாண்டி மூன்றாவது பெஞ்ச் வந்ததும் பொட்டலம் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டதாம். அப்பா அதட்டினார், இழுத்தார், விசில்கூட அடித்துப் பார்த்தார். தலைகீழாக நின்றாலும் அது அசைந்து கொடுக்கவில்லை. தானாக எழுந்து வரும்போது ஏழேகால். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவருக்குக் காலை ஷிப்ட். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக உங்கப்பா நாற்பது நிமிஷம் லேட். பின்னால் "விசில்" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற டிரைவர்கள் எல்லாம் வரிசையாக நின்று கடிகாரத்தைப் பார்த்தார்களாம்.

அதை எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரிடம் சொல்வேன்?

நான்காம் நாள், பார்க்கில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற அந்த அம்மா அவர் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு ஹோஸைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். "சார், அதுக்கு ஒரு மந்திரம் இருக்கு. முன்னாடி கூட்டிட்டு வர்ற பொண்ணு இந்த பெஞ்சுல உக்காந்து மணிக்கணக்கா போன் பேசும், படிக்கும், அழும். திடீர்னு மணியப் பாத்துட்டு 'அப்பா வர்றாரு'ன்னு சொல்லும். உடனே ரெண்டும் எந்திரிச்சு ஓட்டமா ஓடும். அதைச் சொல்லிப் பாருங்க."

இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அவளே குனிந்து பெஞ்சுக்கு அடியில் சொல்லிக் காட்டினாள். பொட்டலம் துள்ளி எழுந்து, கயிற்றோடு உங்கப்பாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தது.

அன்று சாயங்காலம் அவள் என் காலைப் பார்க்க வந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள், சுவரில் உன் போட்டோவைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

மற்றவை பிறகு. பட்டறையில் முகமூடி போட்டுக்கொள். பிளாஸ்டர் தூள் உனக்கு ஆகாது.

உன் நலம் நாடும்
அம்மா


என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. காலில் வீக்கம் குறைந்திருக்கிறது. நீ போனில் கடிதம் வந்தது என்று மட்டும் சொன்னாய், வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுவேன்.

தண்ணீர் விடுகிற அந்த அம்மா வந்து போன பிறகு இரண்டு நாள் அப்பா வீட்டில் பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். கோபம் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். மூன்றாம் நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "நீயும் அதைச் சொல்லித்தான் எழுப்புவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தனை நாளா?" என்றார். பதினொரு மாதமாகத் தினமும் என்றேன். டீ ஆறிப்போகும் வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வேறு வார்த்தை பழக்கப் பார்த்தார், பாவம். "எந்திரி" என்று சொல்லி ஒரு பிஸ்கட், "போலாம்" என்று சொல்லி ஒரு பிஸ்கட். பொட்டலம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. ஷிப்டுக்கு நேரமாகிறதே. சுற்றும் முற்றும் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு குனிந்து அவரே சொன்னாராம். தன் வாயால், தான் வருவதை. அது ஓடியது. இவர் பின்னாலேயே ஓடினார். "என் பேரைச் சொன்னா ஓடணும்னு நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் புத்தகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமையிலிருந்து அவர் அதை எழுப்புவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். டெப்போவில் சொல்லி ஒரு மாதத்துக்குச் சாயங்கால ஷிப்டாக மாற்றிக்கொண்டிருக்கிறார். பொட்டலம் எழுந்தால் எழுகிறார். நோட்டில் இப்போது வருகை நேரம் எழுதுவதில்லை, கட்டம் காலியாக இருக்கிறது.

அங்கே உட்கார்ந்து நீ என்ன செய்வாய் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கணக்குப் பரீட்சையில் தவறியதை நீ முதலில் சொன்னது நாயிடம்தான். அவர் சிபாரிசு சொல்லி வாங்கிய டெப்போ வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு, செயற்கைக் கால் செய்யப் படிக்கப் போகிறேன் என்று நீ சத்தமாகச் சொல்லிப் பழகியதும் அந்தப் பெஞ்சில்தான். "இதெல்லாம் வீட்ல சொல்லியிருக்கலாமே" என்றார். "வீட்லதான் நீங்க இருந்தீங்களே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வருத்தப்பட்டேன். ஆனால் முப்பது வருஷமாகத் தொண்டையில் இருந்தது வந்துவிட்டது, என்ன செய்வது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். "கட்டை செதுக்கப் போறதுன்னா போ, திரும்பி வராதே" என்று அவர் சொன்ன மறுநாள் நீ கிளம்பினாய் அல்லவா, அந்த 5.40 பஸ்ஸுக்குப் புறப்பாடு எழுதிக் கையெழுத்துப் போட்டது அவர்தான். நீ கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாயாம், கண்டக்டர் பிறகு சொன்னான். அந்த வண்டி இரண்டு நிமிஷம் லேட்டாகக் கிளம்புகிறது என்று அவர் விசில் அடித்து விரட்டியிருக்கிறார். இதைப் பதினொரு மாதம் மனதிலேயே வைத்திருந்து நேற்றுதான் என்னிடம் சொன்னார். "நானே வழியனுப்பிருக்கேன்டி, அதுவும் அவசரப்படுத்தி" என்றார்.

அவருக்காக நான் வாதாடுகிறேன் என்று நினைக்காதே. நீ போனது சரி. அந்த வேலையில் உட்கார்ந்திருந்தால் நீ வாடிப்போயிருப்பாய். அதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராக நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னையும் மன்னித்துவிடு.

என்றும் உன்
அம்மா


அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு பக்கம் எழுதிய எனக்கு நான்கு வரி. இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். "பொட்டலத்தை அவரிடம் விட்டுவைக்க வேண்டாம். இங்கே வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதித்துவிட்டார். யார் மூலமாவது அனுப்பிவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய்.

இதை எப்படி அவரிடம் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். கடைசியில் கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். "அவ நாய்தானே, கேக்குறது நியாயம்தான்" என்றார். கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். இப்போதெல்லாம் அது படுப்பது அவர் கட்டிலுக்கு அடியில்தான். அதற்கு அவர் பழைய சட்டை ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார், அந்தக் கோடு போட்ட நீலச் சட்டை. பேர் சொல்லியும் கூப்பிடுகிறார், என் எதிரில் இல்லை.

டெப்போவிலிருந்து உன் ஊருக்கு மாதம் ஒரு தடவை டயர் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போகிறது. அதில் அனுப்பிவிடலாம், டிரைவர் தெரிந்தவன்தான் என்றேன். வேண்டாம் என்றார். பஸ்ஸில் கோழிக்குஞ்சு ஏற்றினால்கூட இறக்கிவிடுகிற மனுஷன், அந்த டிரைவரிடம் போய், "நானும் நாயும் வர்றோம், இடம் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். லீவு கேட்டதே இல்லை என்பதால் மேலாளர் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தாராம். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லவில்லை, நாயைக் கொண்டுபோய் விடப் போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

நேற்று முடிவெட்டிக்கொண்டு வந்தார். உன் பட்டறையில் என்ன செய்வீர்கள், ஒரு கால் செய்ய எத்தனை நாளாகும் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். உன்னிடம் கேட்பதற்குக் கேள்வி எழுதி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன், நான் எடுத்துப் பார்க்கவில்லை.

வேன் சனிக்கிழமை காலை எட்டு மணி சுமாருக்கு உங்கள் தெருமுனையில் இறக்கிவிடும். நாயை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவது என்றாலும் அது உன் உரிமை, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவரும் அதற்குத் தயாராகத்தான் வருகிறார். "திறக்கலைன்னா கதவுல கட்டிட்டு, தண்ணி வச்சுட்டு வந்துடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார். இரண்டாம் தடவை தட்டுவது, கூப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் அவருக்கு வராது, கண்ணு. அந்த ஒன்றை மட்டும் இந்த வயதில் என்னால் மாற்ற முடியவில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை காலையில் குளிக்கப் போய்விடாதே. குழாயைத் திறந்து விடாதே, ரேடியோ போடாதே. அவர் மணியை ஒரு தடவைதான் அடிப்பார்.

நன்றாக இரு, தங்கமே.

உன்
அம்மா